காலி ரூமுக்கு ஏன் இவ்ளோ பில்? – ஹோட்டல் கட்டிட கேள்வி பதில்

கேள்வி: பாதி ரூம் காலியா கிடக்கிற மாசத்துலயும் எங்க ஹோட்டல் கரண்ட் பில் கொஞ்சமாதான் குறையுது. மீட்டர் ஓவரா ஓடுதோ? – ஒரு மேனேஜர்

பதில்: மீட்டர் மேல பழி போடாதீங்க சார். கெஸ்ட் வந்தாலும் வராட்டியும் லாபி ஏசி ஓடும், காரிடார் லைட் எரியும், வெந்நீர் பைப்புல ராத்திரி பூரா தண்ணி சுத்திட்டே இருக்கும், கிச்சன் ஃப்ரீசரும் நிக்காது, இதெல்லாம் ரூம் கணக்கு பார்த்து ஓடுறது இல்ல. ராத்திரி 2 மணிக்கு ஒரு ரீடிங், 4 மணிக்கு ஒரு ரீடிங் எடுத்து கழிச்சு பாருங்க, ஊரே தூங்குற நேரத்துல என்ன ஓடுதோ அதுதான் உங்க அடிப்படை லோடு. அப்புறம் எலக்ட்ரீஷியனை கூட வச்சுக்கிட்டு எது எதுக்காக ஓடுதுன்னு ஒவ்வொண்ணா கேளுங்க, யாருமே இல்லாத பேங்க்வெட் ஹால்ல ஏசி ஓடிட்டிருக்கிறது அப்பதான் வெளிய வரும்.

இன்னொண்ணு, கூட்டம் கம்மியா இருக்கிற நாள்ல ஃப்ளோருக்கு நாலு பேர்னு கெஸ்டை தூவி விடாதீங்க. ரெண்டு ஃப்ளோர்ல நிரப்பிட்டு மத்ததை அடக்கி வைங்க. ரிசப்ஷன்ல உக்காந்தே பண்ற வேலை, பைசா செலவில்ல. ஆனா அடக்குறதுன்னா மொத்தமா பூட்டிட்டு மறந்துடுறது இல்ல, ஏன்னு கீழ வருது.

கேள்வி: கீ கார்டு போட்டாதான் கரண்ட் வரும்னு வச்சோம். கெஸ்ட் எதோ ஒரு விசிட்டிங் கார்டை சொருகிட்டு வெளிய போயிடுறாங்க!

பதில்: போகத்தான் செய்வாங்க, திரும்பி வரும்போது ரூம் சில்லுன்னு இருக்கணும், போனும் சார்ஜ் ஏறியிருக்கணும். ஃப்ரிட்ஜுக்கும் ஒரு பிளக்குக்கும் தனி லைன் குடுங்க, ஏசிய முழுசா கட் பண்ணாம ஆள் இல்லாதப்ப 26, 27 டிகிரிக்கு ஏத்தி வைக்கிற மாதிரி சென்சார் போடுங்க, பால்கனி கதவு திறந்தா ஏசி நிக்கிற சுவிட்சும் வைங்க. பாதி கள்ளத்தனம் தானா நின்னுடும்.

கேள்வி: வெளிப்பக்க ரூம்கள்ல வால்பேப்பர் பின்னால கருப்பா பூஞ்சை. ரெண்டு தடவை சுரண்டி மருந்தடிச்சு புதுசா ஒட்டியாச்சு, திரும்ப வந்துடுச்சு. பைப் லீக்கும் இல்ல. – மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர்

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, ஏன்னா குத்தவாளி சுவர்லயே இல்ல, அநேகமா பாத்ரூம் எக்ஸாஸ்ட்ல இருக்கு. எக்ஸாஸ்ட் 24 மணி நேரமும் ரூம் காத்தை வெளிய தள்ளுது, அதே அளவுக்கு ஃப்ரெஷ் ஏர் டக்ட் வழியா உள்ள வரலன்னா ரூம் வேற எங்கயிருந்தாவது காத்தை உறிஞ்சும், எங்கயிருந்து? வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் ஓரம், பிளக் பாயின்ட் பொட்டி. புழுக்கமான ஊர்ல அந்த காத்து பூரா ஈரம், அது சுவருக்குள்ள நுழைஞ்சு ஏசியில குளிர்ந்து கிடக்கிற வினைல் (பிளாஸ்டிக் மாதிரி) வால்பேப்பரோட பின்பக்கத்துல பட்டதும் தண்ணியா மாறும், வினைல் ஈரத்தை விடாது, பசை இருக்கு, இருட்டு இருக்கு, பூஞ்சைக்கு வேற என்ன வேணும்?

சோதிக்கிறது சுலபம். ரூம் கதவு, ஜன்னல், பால்கனி எல்லாம் மூடிட்டு எக்ஸாஸ்ட் ஓடும்போது வெளிச்சுவர் பிளக் ஓரத்துலயும் பால்கனி கதவு இடுக்குலயும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை பிடிங்க. பேப்பர் உள்பக்கமா படபடத்தா வெளிக்காத்து உள்ள வருதுன்னு அர்த்தம். ஈரத்தை எடுத்த ஃப்ரெஷ் ஏரை எக்ஸாஸ்ட்டை விட கொஞ்சம் தூக்கலா குடுக்கிற மாதிரி பேலன்ஸ் பண்ணுங்க, ஃபில்டர் அடைச்சு போய் அந்த காத்தே வராம இருக்கவும் சான்ஸ் உண்டு, முதல்ல அதை பாருங்க. வெளிச்சுவர்ல வினைலை தூக்கிட்டு ஈரம் மூச்சு விடுற பெயின்ட் அடிங்க. தெர்மோஸ்டாட் கட் ஆன பிறகும் ஏசி ஃபேன் சும்மா ஓடுச்சுன்னா, ஏசிக்குள்ள காத்தை குளிர வைக்கிற காயில்ல நிக்கிற தண்ணி ஆவியாகி ரூமுக்கே திரும்பிடும், அதையும் கவனிங்க. இதெல்லாம் பண்ணாம மூணாவது தடவை ஒட்டினா வால்பேப்பர்காரருக்குத்தான் லாபம்.

கேள்வி: வெந்நீர் டேங்க்ல 60 டிகிரி வச்சிருக்கோம். குளிக்க 40 போதுமே, 45க்கு குறைச்சா மிச்சம்தானே?

பதில்: அதுல மட்டும் கை வைக்காதீங்க! 1976 ஜூலையில பிலடெல்ஃபியா பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டல்ல அமெரிக்கன் லீஜியன் மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரங்க கும்பலா நிமோனியாவுல விழுந்து நிறைய பேர் செத்தே போனாங்க, அந்த வருஷம் நவம்பர்லயே ஹோட்டலை மூட வேண்டியதாச்சு. 1977ல கண்டுபிடிச்ச அந்த பாக்டீரியாதான் லீஜியோனெல்லா. அங்க ஏசி வழியா பரவினதா சொல்றாங்க, ஆனா 20ல இருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்கிற தேங்கின தண்ணி எதுவா இருந்தாலும் அதுக்கு சொர்க்கம், ஷவர் சாரல்ல மூச்சோட உள்ள போகும். அதனால டேங்க் 60, சுத்தி வர்ற லைன் 50க்கு மேல, கை சுடாம இருக்க குழாய்கிட்ட பச்சத் தண்ணி கலக்குற மிக்ஸிங் வால்வு. பூட்டின ஃப்ளோர்லயும் வாரம் ஒரு தடவை குழாயையும் ஷவரையும் திறந்து விடணும், மேல சொன்னேன்ல, அது இதுக்குத்தான்.

மிச்சம் வேணுமா, வேற இடம் இருக்கு. 100 லிட்டரை 25ல இருந்து 60க்கு ஏத்த சுமார் 4 யூனிட் ஆகும், வெளிக்காத்துல இருக்கிற சூட்டை எடுத்து தண்ணிக்கு ஏத்துற ஹீட் பம்ப்னா அதுல மூணுல ஒரு பங்கு மாதிரிதான். நிமிஷத்துக்கு 15 லிட்டர் கொட்டுற ஷவரை 9 லிட்டர் ஆக்குங்க, மொட்டையா ஓடுற வெந்நீர் பைப்புக்கு இன்சுலேஷன் சுத்துங்க.

கேள்வி: மோட்டார் வேகத்தை 20 சதவீதம் குறைச்சா கரண்ட் பாதியாகும்னு, டிரைவ் (மோட்டார் வேகத்தை கூட்டிக் குறைக்கிற கருவி) விக்கிறவர் சொல்றார். நிஜமா?

பதில்: ஃபேனுக்கு நிஜம். பவர் வேகத்தோட மும்மடியில போகும், 20 சதவீதம் குறைச்சா மிச்ச வேகம் 0.8, 0.8 x 0.8 x 0.8 போடுங்க, 0.51 வரும். சில்லர் (ஏசிக்கு தண்ணிய குளிர வைக்கிற மெஷின்) தண்ணி சுத்துற பம்ப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா கீழயிருந்து மொட்டை மாடி டேங்குக்கு ஏத்துற பம்ப்புக்கு இந்த கணக்கு செல்லாது, வேகம் ரொம்ப குறைஞ்சா தண்ணி அந்த உயரத்துக்கே ஏறாம மோட்டார் மட்டும் சும்மா சுத்தும். அவர் குடுத்த லிஸ்ட்ல அந்த பம்ப் இருந்தா அடிச்சிடுங்க.