வெளிச்சத்துக்கு அசையாத உயிர்கள்: கேள்வி பதில்

ஐயா, வெளிச்சம் பட்டால் கிட்டவும் வராமல் விலகியும் போகாமல் இருக்கும் உயிரினங்களுக்கு அறிவியலில் ஏதாவது பெயர் உண்டா?

உண்டு. அந்தத் தன்மைக்குப் பெயர் ஏஃபோட்டோடாக்சிஸ். ஒளியைப் பொறுத்து உடலோடு இடம்பெயர்வது ஃபோட்டோடாக்சிஸ். முன்னால் நிற்கும் 'ஏ', அநீதி, அசுத்தம் என்கிறோமே, அந்த 'அ' மாதிரிதான்.

கரப்பான்பூச்சி லைட் போட்டதும் ஓடி ஒளியுதே, அதுவும் இதுதானே சார்?

இல்லை தம்பி. பரீட்சையில் நிறையப் பேர் மார்க்கை விடுவது இங்கேதான். ஓடுகிறது என்றாலே ஒளி அதை அசைத்துவிட்டது. அது எதிர் ஃபோட்டோடாக்சிஸ். மண்புழுவும் அந்தக் கட்சி.

ஆய்வகத்தில் கண்ணால் பார்க்க ஓர் உதாரணம் சொல்லுங்கள், ஐயா.

பாரமீசியம் காடேட்டம். வைக்கோல் ஊறிய தண்ணீரில் வளருமே, அந்த ஒருசெல் உயிரிதான். ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் விட்டு, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். சற்று நேரம் கழித்துக் காகிதத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரண வெளிச்சம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அதன் உறவுக்காரன் பாரமீசியம் பர்சேரியாவை வைத்துப் பாருங்கள், வெளிச்சமான பாதியில் பச்சையாகத் திரண்டு நிற்கும். அதன் உடம்புக்குள் நூற்றுக்கணக்கில் குளோரெல்லா பாசி குடியிருக்கிறது. பாசி ஒளியில் சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரனுக்கும் கொடுக்கிறது. ஒரே பேரினம், ஒன்றுக்கு ஒளி வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இந்தச் சோதனைக்கு எல்.இ.டி. விளக்கையே வையுங்கள். குண்டு பல்பு என்றால் சூடு ஏறும். பாரமீசியம் சூட்டுக்கு நகரும், நீங்கள் ஒளிக்கு நகர்ந்ததாக எழுதிவிடுவீர்கள்.

யூக்ளினா என்ற ஒருசெல் உயிரியின் சிவப்புப் புள்ளிதானே அதன் கண்?

கண்புள்ளி என்ற பெயர்தான் குழப்புகிறது. அது வெறும் மறைப்பு. ஒளியை உணரும் பகுதி, நீந்த உதவும் சாட்டை போன்ற கசையிழையின் அடியில், சற்றே தடித்திருக்கும். யூக்ளினா உருண்டுகொண்டே நீந்துவதால் புள்ளியின் நிழல் அந்தப் பகுதியின்மேல் விட்டுவிட்டு விழும். அதை வைத்துத் திசை பிடிக்கிறது. அங்கே ஒளியை உணரும் புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் அறிவித்தார்கள்.

செடி நகர்வதே இல்லையே, அதையும் இப்படிச் சொல்லலாமா?

கூடாது. இடம்பெயரக்கூடிய உயிருக்குத்தான் டாக்சிஸ் என்ற பேச்சு. ஜன்னல் பக்கம் தண்டு வளைவது வளர்ச்சியால் வருவது, ஒளிச்சார்பசைவு.

அப்படியானால் காடேட்டம் சூட்டைத் தவிர வேறெதற்கும் அசையாதா?

நன்றாக அசையும். தண்ணீரில் லேசான மின்னோட்டம் கொடுத்துப் பாருங்கள், அத்தனையும் திரும்பி எதிர்மின்முனையை நோக்கி நீந்தும்.