முடிவில்லா லூப்பில் பாடப் பக்கம் உறைவது

மாணவர்கள் உலாவியிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் உங்கள் பாடப் பக்கம், முடிவில்லா லூப்பை நிறுத்த 5 வினாடி டைமர் வைத்தும் உறைகிறது என்றால், மாணவரின் நிரலை வெப் வொர்க்கருக்குள் (பக்கத்தின் பின்னணியில் தனியாக ஓடும் பகுதி) ஓட்டுங்கள். நேரம் தாண்டினால் பக்கத்திலிருந்து அந்த வொர்க்கரை டெர்மினேட் செய்துவிடலாம்.

இப்போது பையோடைடும் (உலாவிக்குள் பைத்தானை ஓட்டும் கருவி) டைமரும் ஒரே த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் இயக்க வரிசை) இருக்கின்றன என்று நினைக்கிறேன். லூப் த்ரெட்டை விட்டால்தானே டைமருக்கு முறை வரும்? வொய்ல் ட்ரூ (while True, முடிவில்லா லூப்) அதை விடவே விடாது.

சோதிக்க, டைமரை 1 வினாடியாக்கி, மூன்று நான்கு வினாடியில் முடிகிற ஒரு லூப்பை ஓட்டுங்கள். "நேரம் முடிந்தது" என்ற செய்தி லூப் முடிந்த பிறகே வந்தால் இதுதான் காரணம்.

ஒரு சிக்கல்: டெர்மினேட் செய்தால் மாணவர் முந்தைய நிரல் பெட்டிகளில் உருவாக்கிய மாறிகளும் போய்விடும், பையோடைடை மறுபடி ஏற்ற வேண்டும். மாறிகளை இழக்காமல் நிறுத்த ஷேர்ட் அரே பஃபர் (பக்கமும் வொர்க்கரும் பகிரும் நினைவகம்) வழியாக இன்டரப்ட் (நிரலை நிறுத்தச் சொல்லும் சைகை) அனுப்பலாம். ஆனால் அதற்கு சர்வரில் கிராஸ் ஒரிஜின் ஐசொலேஷன் ஹெடர்கள் (பக்கத்தை மற்ற தளங்களிலிருந்து தனிமைப்படுத்தும்படி உலாவிக்கு சர்வர் அனுப்பும் குறிப்புகள்) தேவை. அவற்றைப் போட்டதும் வெளித்தளத்திலிருந்து பதித்த வீடியோக்கள் வராமல் போகலாம், அதையும் பாருங்கள்.

அப்புறம், வெறும் "பிழை" என்று காட்டாதீர்கள். "லூப் நிற்கவில்லை, நிபந்தனை எப்போது பொய்யாகும் என்று பாருங்கள்" என்றால் அதுவே பாதிப் பாடம்.