பேஸ் கிட்டார் கேள்வி–பதில்: பழைய பாணி ட்யூனர் மாட்டும் முன்

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனரை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் பேஸில் இருப்பவை பின்பக்கம் மூடிய நவீன ட்யூனர்கள். 1960-களின் பேஸ்களில் உள்ளதுபோல் பல்சக்கரம் வெளியே தெரிகிற, பெரிய காது (விரலால் திருப்பும் பிடி) வைத்த ட்யூனர்களை மாட்ட ஆசை. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு செட்டுகளில் ஒன்று உங்கள் ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் முனையில் ட்யூனர்கள் இருக்கும் பகுதி) சிக்கென்று உட்காரும். இன்னொன்று உள்ளேயே நுழையாது. முதலில் இப்போதுள்ள ட்யூனர் ஒன்றை முழுதாகக் கழற்றுங்கள். மேற்பக்கத்து நட், வாஷர், புஷ் (துளைக்குள் தண்டைச் சுற்றி இருக்கும் உலோக வளையம்) எல்லாம் வெளியே வந்த பிறகு, மரத்தில் இருக்கும் துளையை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு. இரண்டும் சமமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ட்யூனரில் தந்தி சுற்றும் பகுதிதான் தண்டு. சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகைத் தண்டுகள் கிடைக்கின்றன. ஒன்று அரை அங்குலத் தண்டு, அதாவது 12.7 மி.மீ. பழைய பாணி செட்டுகளில் அதிகம் வருவது இதுதான். இதற்கு மரத்தில் 17.5 மி.மீ. அளவுக்குத் துளை தேவைப்படும். மற்றது எட்டில் மூன்று அங்குலத் தண்டு, 9.5 மி.மீ. இதற்கான துளையின் விட்டம் 14 மி.மீ. அளவில் இருக்கும். விலை குறைந்த பேஸ்களில் இந்தச் சின்னத் துளையைத்தான் நிறையப் பார்க்கலாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில பத்தில் ஒரு மி.மீ. மாறும் என்பதால், வாங்கப்போகும் செட்டின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, புஷ்ஷின் வெளிவிட்டத்தை உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ட்யூனரின் அடித்தகடு. நவீன ட்யூனரை ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும். மீதிப் பிடிமானம் முன்பக்க நட்டில். பழைய பாணியில் நட் கிடையாது. புஷ் மரத்தில் இறுக்கமாகச் செருகியிருக்கும். ட்யூனரைப் பின்னால் பிடிப்பது தகட்டின் ஸ்க்ரூக்கள் மட்டுமே, வழக்கமாகத் தகட்டுக்கு நான்கு. ஆக, நான்கு தந்திக்குப் பதினாறு புதுத் துளைகள் போடத் தயாராக இருக்க வேண்டும். ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை அளந்து, தகட்டின் நீளம் அதற்குள் அடங்குகிறதா என்றும் பாருங்கள். அடங்காவிட்டால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சிலர் தகட்டை அரத்தால் தேய்த்துச் சமாளிக்கிறார்கள். முலாம் போய்த் துரு பிடிப்பதுதான் மிச்சம்.

கடைசியாக, நான்கும் ஒரே பக்கம் உள்ள ஹெட்ஸ்டாக்கா, பக்கத்துக்கு இரண்டா, மூன்றும் ஒன்றுமா என்பதைச் சொல்லி ஆர்டர் போடுங்கள். இடப்பக்க ட்யூனரும் வலப்பக்க ட்யூனரும் வேறு வேறு.

கேள்வி: அளந்தேன். துளை 14 மி.மீ.; நான் விரும்பும் செட்டுக்கு 17.5 வேண்டும். ட்ரில் போட்டுவிடலாமா?

பதில்: போடாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். க்ளோவர் இலை வடிவக் காதோடு, ஆனால் மெல்லிய தண்டோடு வரும் செட்டுகள் இருக்கின்றன. மூன்றடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பெரிய துளையில் சின்னத் தண்டை வைக்க மாற்றுப் புஷ் போதும். சின்னத் துளையில் பெரிய தண்டை வைக்க மரத்தை எடுத்தே ஆக வேண்டும், எடுத்த மரம் திரும்பி வராது.

பெரிதாக்குவது என்று முடிவுசெய்தால், சாதாரண ட்ரில் பிட் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே உள்ள துளைக்குள் அது கவ்வி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பாலிஷைப் பட்டை பட்டையாகப் பெயர்க்கும். வட்ட விளிம்பால் வெட்டும் ஃபோர்ஸ்ட்னர் பிட் சுத்தமாக வெட்டும். ஆனால் அதன் நடுமுனைக்கு ஊன்ற மரம் வேண்டும், உங்களிடம் இருப்பதோ வெற்றுத் துளை. இரண்டு வழி உண்டு. 14 மி.மீ. உருளைக் கட்டையைத் துளையில் ஒட்டி அடைத்து, பசை காய்ந்ததும் அதன் மையத்தைக் குறித்துத் துளைப்பது ஒன்று. 18 மி.மீ. கனமுள்ள பலகையில் 17.5 துளை போட்டு, அதைச் சரியான இடத்தில் ஹெட்ஸ்டாக்கின்மேல் கிளாம்ப் செய்து, அந்தத் துளையையே வழிகாட்டியாக வைத்து பிட்டை இறக்குவது இன்னொன்று. எதுவானாலும் அடியில் ஒரு வேஸ்ட் கட்டையை இறுக்கிக் கட்டுங்கள். ட்ரில் ஸ்டாண்ட் இல்லாமல் கையால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கையால் செய்ய நினைப்பவர்களுக்குக் கூம்பு ரீமர் (துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கைக்கருவி) இருக்கிறது. மெதுவான வேலை, அதனாலேயே பாதுகாப்பானது. முதல் சில சுற்றுகளை இடப்புறமாகத் திருப்புங்கள். பாலிஷ் விளிம்பு உடையாமல் தேய்ந்து வரும். பிறகு வலப்புறம். ரீமர் விடும் துளை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் என்பதால், பாதி முன்பக்கமிருந்தும் பாதி பின்பக்கமிருந்தும் எடுக்க வேண்டும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை புஷ்ஷை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: புஷ்ஷைச் சுத்தியலால் தட்டி இறக்கலாம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பரின் பேஸில் தட்டச் சொல்லுங்கள். புஷ் கொஞ்சம் சாய்ந்து இறங்கினாலும், துளையின் ஓரத்திலிருந்து மர இழையின் போக்கில் விரிசல் ஓடும். துளையைவிடப் புஷ் 0.1 மி.மீ. அளவுக்குப் பெரிதாக இருந்தால் நல்ல பிடிமானம். 0.2-ஐத் தாண்டினால் அழுத்தாதீர்கள், துளையைக் கொஞ்சம் தேயுங்கள்.

இறக்கச் சிறந்த கருவி ஒரு நீளப் போல்ட், இரண்டு பெரிய வாஷர், ஒரு நட். முன்பக்கம் புஷ்ஷின்மேல் வாஷர், பின்பக்கம் மரத்துக்கும் வாஷருக்கும் நடுவே ஒரு துண்டுத் தோல். நட்டை முறுக்க முறுக்கப் புஷ் நேராக இறங்கும். சி கிளாம்பும் மென்மரத் துண்டும் வைத்தும் செய்யலாம். புஷ் தளர்வாக இருந்தால் மெல்லிய காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். சூப்பர் க்ளூவைக் கொட்டினால் அடுத்த முறை கழற்றும்போது மரமும் கூடவே வரும்.

பழைய புஷ்ஷை எடுக்கும்போது: பாலிஷ் அதை ஒட்டிப் பிடித்திருக்கும். சால்டரிங் அயர்ன் முனையைப் புஷ்ஷின்மேல் மட்டும் படும்படி அரை நிமிடம் வைத்துச் சூடாக்கி, பின்பக்கமிருந்து பொருத்தமான மரக்குச்சியால் தள்ளுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ போடும்போது தலை உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது.

பதில்: ட்யூனர் ஸ்க்ரூக்கள் மெல்லியவை, ஹெட்ஸ்டாக்கின் மேப்பிள் மரம் கடினமானது. வழித்துளை போடாவிட்டால் உடையும், குறுகலாகப் போட்டாலும் உடையும். ஸ்க்ரூவுக்கு முன்னால் ட்ரில் பிட்டைப் பிடித்துப் பாருங்கள்: நடுத்தண்டு மறைந்து, இரு பக்கமும் மரை மட்டும் வெளியே தெரிந்தால் அதுதான் சரியான பிட். 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு இது சுமார் 2 மி.மீ. வரும். ஸ்க்ரூவின் ஆழத்துக்கு பிட்டில் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம் துளை எட்டிப்பார்த்தால் அதை மறைக்க வழியில்லை. மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். முலாம் பூசிய ஸ்க்ரூவை இறக்கும் முன், அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றை ஒருமுறை ஏற்றி இறக்கினால் மரத்தில் மரை வெட்டப்பட்டிருக்கும்.

உடைந்ததை எடுக்க, துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, நோஸ் பிளேயரால் பிடித்துத் திருப்புங்கள். மரத்தோடு மட்டமாக உடைந்திருந்தால், 5 மி.மீ. உள்ளீடற்ற குழாயின் முனையில் அரத்தால் பல் வெட்டி, ட்ரில்லில் மாட்டி, இடப்புறமாகச் சுற்றவிட்டு, துண்டைச் சுற்றியுள்ள மரத்தோடு எடுத்துவிடலாம். அந்தக் குழியில் மேப்பிள் கட்டையை மரப் பசையோடு இறக்கி, 24 மணி நேரம் விட்டு, மறுபடி துளையுங்கள். தகடு எல்லாவற்றையும் மூடிவிடும். நவீன ட்யூனரின் பழைய ஸ்க்ரூத் துளைகளையும் இதே வேளையில் அடைத்துவிடுங்கள். புதுத் துளை பாதி அதன்மேல் விழுந்தால் ஸ்க்ரூ வழுக்கி அந்தப் பக்கமே ஓடும்.

துளைக்குமுன் நான்கு ட்யூனரையும் ஸ்க்ரூ இல்லாமல் வைத்து, ஒரு ஸ்கேலை ஓரமாகப் பிடித்து நேராக்கி, குத்தூசியால் பதினாறு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போனால் நான்காவது கட்டாயம் கோணலாக நிற்கும்.

கேள்வி: மாட்டி முடித்தேன். காதை வழக்கமான பக்கம் திருப்பினால் சுருதி ஏறாமல் இறங்குகிறது. பழுதான செட்டா?

பதில்: இல்லை. ஃபெண்டர் பேஸ்களில் 1960-களின் நடுப்பகுதி வரை வந்த க்ளூசன் ட்யூனர்கள் அப்படித்தான் எதிர்ப்பக்கம் திரும்பின. அந்தக் காலத்தை அப்படியே பிரதியெடுக்கும் செட்டுகளிலும் அதே அமைப்பு வரும். விவரக் குறிப்பில் ‘ரிவர்ஸ்’ என்று இருக்கும். அதைச் சரிசெய்வதாக நினைத்துத் தந்தியைத் தண்டின் மறுபக்கம் சுற்றாதீர்கள். நட்டில் (இது முறுக்கும் நட் அல்ல; கழுத்தின் முனையில் தந்திகள் காடிகளில் அமரும் பட்டை) தந்தி கோணலாக நுழையும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கச்சேரிக்கு இரண்டு பேஸ் எடுத்துப்போகிறவருக்குத்தான் தொல்லை.

கேள்வி: புது ட்யூனரில் ஏ தந்தியை எங்கும் அழுத்தாமல் வாசித்தால் நட்டில் கிர்ரென்கிறது. முன்பு இல்லை.

பதில்: சுற்று போதவில்லை. டி, ஜி இரண்டையும் ஹெட்ஸ்டாக்கில் உள்ள கொக்கி கீழே அழுத்துகிறது. ஏ தந்திக்கு அந்த உதவி இல்லை, அதன் தண்டும் நட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. தண்டில் தந்தி எவ்வளவு கீழே இறங்கிச் சுற்றியிருக்கிறதோ, அவ்வளவு நன்றாக நட்டில் அமரும்.

பழைய பாணித் தண்டின் நடுவில் துளையும் குறுக்கே பிளவும் உண்டு. தந்தியை இழுத்து, அதன் தண்டைத் தாண்டி 12 செ.மீ. விட்டு வெட்டுங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. போகும் என்பதால் இரண்டரை சுற்றாவது கிடைக்கும். வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று உள்ளே தந்தியைச் செங்குத்தாக மடக்கிவிடுங்கள். மடக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியின்மேல் நழுவி, தந்தி மந்தமாக ஒலிக்கும். பிறகு என்ன செய்தாலும் உயிர் வராது. முனையை நடுத்துளையில் இறக்கி, பிளவு வழியே வளைத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் கீழே வரும்படி கையால் வழிநடத்துங்கள். ஃப்ளாட்வூண்டு (தட்டைக் கம்பி சுற்றிய) தந்தியானால் பட்டுநூல் சுற்றிய பகுதி மட்டுமே தண்டில் சுற்ற வேண்டும். தடித்த பகுதியை வளைத்தால் தகட்டுச்சுற்று பிளந்துவிடும்.

கேள்வி: திறந்த பல்சக்கர ட்யூனர்கள் சுருதியில் நிற்காது என்கிறார்களே?

பதில்: 45–105 செட் தந்திகள் (தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 முதல் 105 வரை) சுருதியில் இருக்கும்போது கழுத்தை மொத்தம் 80 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுவை பல்சக்கரத்தை, காதோடு சுழலும் மரைத்தண்டான வார்ம் கியரோடு அழுத்தியே வைத்திருக்கும். அது தானாகப் பின்னால் சுழலாது. தளர்ச்சி தெரிவது திருப்பும் திசையை மாற்றும்போதுதான். அதனால் சுருதி கூடிவிட்டால் குறைத்து நிறுத்தாமல், தாண்டி இறக்கி, கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவே உள்ள ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், காது இறுகாத அளவுக்கு முறுக்குங்கள். எண்ணெய் ஒரு துளி போதும். திறந்த சக்கரத்தில் மிச்ச எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும்.

சுருதி ஏற்றும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சுருதி ஒரே தாவாகத் தாவினால் குற்றவாளி ட்யூனர் அல்ல, நட். பென்சில் கரியைக் காடியில் தேயுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் காடி குறுகல். தந்தியின் கனத்துக்கு ஏற்ப அரமிட வேண்டும்.

கேள்வி: எடை கூடுமா?

பதில்: கூடலாம். எடை குறைந்த அலுமினிய ட்யூனர்களிலிருந்து எஃகு செட்டுக்கு மாறினால் கண்டிப்பாகக் கூடும். ஹெட்ஸ்டாக் முனையில் ஏறும் எடை தோள்வாரிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், சில நூறு கிராமுக்கே கழுத்து தரையைப் பார்க்கும். ஒலியிலும் ஒன்று நடக்கும். ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி தந்தியின் 5-லிருந்து 7-வது ஃப்ரெட் வரை எங்காவது ஒரு சுரம் சீக்கிரம் அணைந்துபோகும். ஹெட்ஸ்டாக்கின் எடை மாறினால் அந்த இடம் ஓரிரு ஃப்ரெட் நகரும். நல்ல பக்கம் நகருமா, மோசமான பக்கமா என்பதை வாங்கும் முன்பே சோதிக்கலாம். பழைய ட்யூனர் ஒன்றைத் தராசில் வையுங்கள். புதியதன் எடையை விவரக் குறிப்பில் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுக்கு 40 கிராம் என்றால் நான்குக்கு 160 கிராம். அந்த எடையுள்ள சின்னக் கிளாம்பைத் தோல் துண்டு வைத்து ஹெட்ஸ்டாக்கில் மாட்டி, வாரைத் தோளில் போட்டு நின்று, ஜி தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.