குழாயடிச் சண்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்சீனக் கடல் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். 2009இல் ஹைனான் தீவுக்குத் தெற்கே அமெரிக்காவின் இம்பெக்கபிள் கப்பலைச் சீனக் கப்பல்கள் சூழ்ந்துகொள்கின்றன. அமெரிக்கர்கள் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். சீனர்கள் ஜட்டியோடு நிற்கிறார்கள். சிரிப்புதான் வந்தது. இன்று பிலிப்பைன்ஸ் கப்பல்கள் மீது சீனா பீய்ச்சுவதும் தண்ணீர்தான். இத்தனை ஏவுகணைகளை வைத்துக்கொண்டு குழாயடிச் சண்டை போடுவது கோழைத்தனம் இல்லையா? சட்டப்படி யார் பக்கம் நியாயம்? மூன்றாம் உலகப்போர் அங்கேதான் தொடங்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு நான் ஜோசியன் இல்லை. விட்டுவிடுங்கள்.

நியாயம் பற்றிய கேள்வியையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தென்சீனக் கடலில் சீனாவின் வரலாற்று உரிமைக் கோரிக்கைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று, பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும் அமெரிக்காவோ, தீர்ப்புக்கு அடிப்படையான 1982ஆம் ஆண்டுக் கடல்சட்ட உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை. கரையிலிருந்து 200 கடல்மைல் வரையிலான பொருளாதார மண்டலத்தில் வெளிநாட்டுப் போர்க்கப்பல் வேவு பார்க்கலாமா? கூடாது என்கிறது சீனா. நாம் உடனே சீனாவைத் திட்டுகிறோம். ஆனால் தன் மண்டலத்தில் அனுமதியில்லாமல் ராணுவப் பயிற்சி கூடாது என்று 1995இல் எழுதிக்கொடுத்த நாடு இந்தியா. 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு மேற்கே ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் சொல்லாமல் வந்து போனபோது நாமும் முகம் சுளித்தோம். யார் கடல் என்பதைப் பொறுத்து நியாயம் மாறுகிறது. போதும்.

நான் பேச விரும்புவது உங்களுடைய அந்த ஒரு சொல்லைப் பற்றி. 'குழாயடிச் சண்டை' என்று கேலியாக எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. குழாயடியில் என்ன நடக்கிறது? ஏழு தலைமுறையை இழுத்துப் பேசுகிறார்கள், குடத்தை எட்டி உதைக்கிறார்கள். சாயங்காலம் எல்லோரும் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். இதில் எது கோழைத்தனம்?

இம்பெக்கபிள் சும்மா போன கப்பல் இல்லை. நீர்மூழ்கிகளின் ஒலியைக் கேட்கும் கருவியை நீண்ட வடத்தில் கட்டி இழுத்துச் செல்லும் கப்பல். ஹைனானில் இருப்பது சீன நீர்மூழ்கித் தளம். சீனர்கள் மரக்கட்டைகளை அதன் பாதையில் போட்டார்கள், கழியால் வடத்தைக் கொக்கிபோட்டு இழுக்கப் பார்த்தார்கள். அணு ஆயுத வல்லரசுகள் இரண்டு, ஆளுக்கொரு கழியும் குழாயுமாக நின்றன. சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கழிக்குப் பதிலாக ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று யோசித்தீர்களா?

இந்தக் கட்டுப்பாடு தானாக வந்ததில்லை. 1967 மே மாதம் ஜப்பான் கடலில் அமெரிக்காவின் வாக்கர் போர்க்கப்பலோடு அடுத்தடுத்த இரண்டு நாள் சோவியத் கப்பல்கள் உரசின. இப்படிப் பல உரசல்களுக்குப் பிறகுதான் 1972 மே 25இல் மாஸ்கோவில் இரு நாடுகளுக்கும் இடையே கடல் சம்பவங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானது. பீரங்கியை எதிரிக் கப்பல் பக்கம் திருப்பி விளையாட்டுக் காட்டாதே என்றார்கள். வேவு பார்க்காதே என்று மட்டும் அதில் எங்கும் இல்லை. பார், ஆனால் எட்ட நின்று பார், அவ்வளவுதான். வருடா வருடம் இரு தரப்பும் உட்கார்ந்து புகார்களைப் பேசினார்கள். 1988 பிப்ரவரி 12இல் கருங்கடலில் சோவியத் கப்பல் ஒன்று அமெரிக்காவின் யார்க்டவுன் போர்க்கப்பலை வேண்டுமென்றே இடித்தது. இடிக்கப்போகிறோம் என்று ரேடியோவில் முன்கூட்டியே சொல்லிவிட்டு இடித்தது! யாரும் சாகவில்லை.

நான் இளவயதில் மூன்று வருடம் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்தேன். இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை என் வாட்ச், அதாவது கப்பலைப் பார்த்துக்கொள்ளும் முறை. ஒரு நாள் வலப்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. குறுக்கே வரும் கப்பல் நமக்கு வலப்பக்கம் இருந்தால் நாம்தான் விலகவேண்டும். அது பரீட்சையில் எழுதிய விதி. ஆனால் அது சின்னக் கப்பல்போல் தெரிந்தது. அவன் விலகுவான் என்று நின்றேன். கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அப்படி வந்தால் மோதல்தான். கேப்டன் எதற்கோ மேலே வந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுக்கானில் நின்றவனிடம் தானே உத்தரவு போட்டுக் கப்பலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினார். மேசைமேல் இருந்த பென்சில்கள் எல்லாம் உருண்டு விழுந்தன. அவர் கத்தவில்லை. "அவன் உன்னைப் பார்த்திருப்பான்னு நீ நினைச்சே. நீ அவனைப் பார்த்திருப்பேன்னு அவன் நினைச்சிருப்பான்" என்றார். அப்புறம் கீழே போய்விட்டார். மிச்ச வாட்ச் முழுவதும் என் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கப்பலுக்கும் எங்களுக்கும் பகை எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது பகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 30இல் தென்சீனக் கடலின் ஸ்பிராட்லி தீவுக்கூட்டத்தில் கேவன் பாறைக்கருகே ஒரு சீனப் போர்க்கப்பல் அமெரிக்காவின் டெகேடர் போர்க்கப்பலுக்கு முன்னால் 45 கெஜம் வரை நெருங்கியது. 45 கெஜம் என்றால் 41 மீட்டர். பத்து நாட் வேகத்தில், அதாவது மணிக்குப் பத்து கடல்மைல் வேகத்தில், அதைக் கடக்க எட்டு வினாடி. கப்பலுக்கு பிரேக் கிடையாது. அந்த எட்டு வினாடியில் முடிவெடுப்பவர் அதிபரோ தளபதியோ இல்லை, அன்று நான் இருந்த வயதில் இருக்கும் யாரோ ஒருவர்.

2014இல் சீனாவின் சிங்டாவோ நகரில் 21 நாடுகள் சேர்ந்து, கடலில் எதிர்பாராமல் சந்தித்துக்கொள்ளும் கப்பல்களுக்கு ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன. நல்லதுதான். ஆனால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை. அதோடு அது கடற்படைகளுக்கு மட்டும். இன்று முன்னால் வந்து இடிப்பவை வெள்ளைச் சாயம் பூசிய கடலோரக் காவல் கப்பல்கள், மீன்பிடிப் படகு என்ற பெயரில் வரும் கடல்சார் ஆயுதக்குழுப் படகுகள். குழாயடிக்கு விதி எழுதினார்கள், சண்டைக்கு வருகிறவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். எனக்குப் பயமாக இருப்பது இந்த ஓட்டைதான், தண்ணீர் இல்லை.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ பாறைக்கருகே நடந்ததும் இருந்திருக்கும். பிலிப்பைன்ஸ் காவல் கப்பலைத் துரத்திய சீனக் காவல் கப்பல் ஒன்று, அதே கப்பலைத் துரத்திய தங்கள் கடற்படைக் கப்பலிலேயே மோதி முன்பக்கம் நசுங்கிப்போனது. உங்களைப்போல நிறையப் பேர் அதற்கும் சிரித்தார்கள். துரத்தப்பட்டவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் ரேடியோவை எடுத்து, யாராவது தண்ணீரில் விழுந்திருந்தால் தேடித் தருகிறோம், காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி தருகிறோம் என்றார்கள்.