ஹாம் வானொலி கேள்வி பதில்: 28இலிருந்து 144க்கு

கேள்வி: என்னிடம் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் 100 வாட் ட்ரான்சீவர் (அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி) இருக்கிறது. 144 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.பி. எனும் குரல் முறையில் பேசுவதற்காக, 28 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை 144க்கும் 144ஐ 28க்கும் மாற்றித் தரும் ட்ரான்ஸ்வெர்ட்டர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ட்ரான்சீவரின் வெளியீட்டை 5 வாட்டாகக் குறைத்து, ஆன்டெனா இணைப்பிலேயே அதை மாட்டலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் ட்ரான்ஸ்வெர்ட்டர் எவ்வளவு உள்ளீட்டைத் தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்க்கும் வரை இரண்டையும் இணைக்க வேண்டாம். சில ட்ரான்ஸ்வெர்ட்டர்கள் சில வாட் வரை ஏற்கும். பல, 1 மில்லிவாட்டுக்கே வடிவமைக்கப்பட்டவை. அத்தகைய ஒன்றுக்கு 5 வாட் என்பது ஐயாயிரம் மடங்கு, அதாவது 37 டெசிபல் அதிகம். மேலும், 5 வாட்டுக்குத் திருப்பி வைத்தாலும், வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் ஏ.எல்.சி. சுற்று விழித்துக்கொள்வதற்கு முன், பேச்சின் முதல் சில மில்லிவினாடிகளில் பல ட்ரான்சீவர்கள் அதைவிடப் பல மடங்கு திறனை வெளியே தள்ளிவிடுகின்றன. ஆகவே திறனைக் குறைக்க இடையில் வைக்கும் அட்டெனுவேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது 5 வாட்டை மட்டும் கணக்கில் கொள்ளக்கூடாது.

அந்த அட்டெனுவேட்டரை அனுப்புவதற்கும் பெறுவதற்கும் பொதுவான கேபிளில் வைத்தால், ஆன்டெனாவிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையும் அதே 37 டெசிபல் தேய்ந்து, ட்ரான்சீவருக்குக் காது கேளாமல் போகும். எனவே அது அனுப்பும் வழியில் மட்டுமே இருக்க வேண்டும். பெறும் வழியை ஒரு ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்ச்) தனியே பிரித்துவிட வேண்டும். ஆபத்து இருப்பதும் இந்த ரிலேயில்தான். அது மாறாத நிலையில் நீங்கள் பேசிவிட்டால், முழுத் திறனும் பெறும் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து அதிர்வெண்களைக் கலக்கும் மிக்சரின் டயோடுகளை எரித்துவிடும். பேசும் பொத்தானிலிருந்து வரும் பி.டி.டி. கம்பியின் பற்றவைப்பு ஒன்று விட்டுப்போனதால் நான் ஒரு மிக்சரை இப்படி இழந்திருக்கிறேன். அதன் பிறகு நான் கைக்கொள்ளும் முறை இது: மைக்கின் பொத்தான் முதலில் சீக்வென்சரை (எல்லாவற்றையும் வரிசையாக மாற்றும் சுற்று) இயக்கும், சீக்வென்சர் ஆன்டெனா ரிலேயை மாற்றி, ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் தந்து, ரிலேக்கள் நிலைபெறச் சில பத்து மில்லிவினாடிகள் விட்டு, கடைசியாகத்தான் ட்ரான்சீவரை அனுப்பும் நிலைக்குக் கொண்டுவரும். சீக்வென்சரின் கம்பி கழன்றாலும் ட்ரான்சீவர் வாய் திறக்காது. குரல் கேட்டதும் தானே அனுப்பத் தொடங்கும் வாக்ஸ் வசதியை அணைத்தே வையுங்கள்.

ட்ரான்ஸ்வெர்ட்டருக்கென்றே தனி இணைப்புள்ள ட்ரான்சீவர் கிடைத்தால் இத்தனை கவலை இல்லை. எலெக்ராஃப்ட் கே3 கருவியில் அதற்குரிய துணைப் பலகையைப் பொருத்தினால் சுமார் 1 மில்லிவாட் தனியே வெளிவரும். பரவலாகப் புழங்கும் ஐகாம் ஐசி-7300இல் அத்தகைய இணைப்பு இல்லை.

கேள்வி: கிட் வாங்கி நானே கட்டிய ட்ரான்ஸ்வெர்ட்டர் 144 மெகாஹெர்ட்ஸில் 10 வாட் தருகிறது. நேரடியாக ஆன்டெனாவில் இணைக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த 10 வாட்டும் 144 மெகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்; சாதாரண பவர் மீட்டர் அதைச் சொல்லாது. 28.2 மெகாஹெர்ட்ஸையும் ட்ரான்ஸ்வெர்ட்டர் தனக்குள் உண்டாக்கும் லோக்கல் ஆசிலேட்டரின் 116 மெகாஹெர்ட்ஸையும் மிக்சர் கலக்கும்போது, கூட்டுத்தொகையான 144.2 உடன், வித்தியாசமான 87.8 மெகாஹெர்ட்ஸும் பிறக்கிறது. 116 மெகாஹெர்ட்ஸும் ஓரளவு கசியும். முன்னது எஃப்.எம். ஒலிபரப்புப் பட்டையின் அடிவிளிம்பை ஒட்டியது. பின்னது விமானங்களுக்கு வழிகாட்டும் வி.ஓ.ஆர். நிலையங்கள் பயன்படுத்தும் 108–117.975 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உள்ளேயே விழுகிறது. நம் பொழுதுபோக்கின் கசிவு அங்கே போய்ச் சேருவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. ஆகவே மிக்சருக்குப் பின்னுள்ள, வேண்டிய பட்டையை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டரைச் செவ்வையாக ட்யூன் செய்த பிறகே ஆன்டெனாவை நினையுங்கள்.

அதிர்வெண்வாரியாகத் திறனைக் காட்டும் விலையுயர்ந்த ஸ்பெக்ட்ரம் அனலைசர் இல்லாவிட்டாலும், ஆன்டெனாவுக்குப் பதில் திறனை வெப்பமாக்கும் டம்மி லோடில் இயக்கி, போதிய அட்டெனுவேட்டர்கள் வழியே கணினியில் செருகும் ரிசீவரான ஓர் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிளில் பார்க்கலாம். அதிகச் சமிக்ஞையால் திணறும்போது டாங்கிளே பொய்ச் சமிக்ஞைகளை உண்டாக்கும் என்பதால், இன்னொரு 10 டெசிபல் அட்டெனுவேட்டரைச் சேர்த்துப் பாருங்கள்: சரியாக 10 டெசிபல் குறைவது உண்மையான கசிவு, அதைவிட அதிகமாகச் சரிவது டாங்கிளுக்குள் பிறந்தது.

கேள்வி: டயலில் 28.200 வைத்தால் 144.200 வர வேண்டும். நண்பரோ, நான் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதாகச் சொல்கிறார். ட்ரான்சீவர் பழுதா?
– வாசகர், ஓசூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. லோக்கல் ஆசிலேட்டரின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் 116 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகினாலே 1,160 ஹெர்ட்ஸ் விலகிவிடும், எஸ்.எஸ்.பி.யில் பேச்சு புரியாமல் போக அதுவே போதும். ட்ரான்ஸ்வெர்ட்டரை அரை மணி நேரம் சூடேறவிட்டு, அதிர்வெண் திட்டமாகத் தெரிந்த ஒரு சமிக்ஞையோடு ஒப்பிட்டு, கிறிஸ்டலுக்கு அருகிலுள்ள, அதிர்வெண்ணை நுட்பமாகத் திருத்தும் ட்ரிம்மரைப் பிளாஸ்டிக் திருகியால் மெல்லத் திருப்புங்கள். 10 கிகாஹெர்ட்ஸுக்குப் போகிறவர்களுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்குப் பிழையே 10 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடுவதால், அவர்கள் ஜி.பி.எஸ். வழியே கட்டுப்படுத்தப்படும் 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்தை நாடுகிறார்கள். உங்களுக்கு ட்ரிம்மரும் பொறுமையும் போதும்.