டயருக்கும் பெண், டீத்தூளுக்கும் பெண்: கேள்வி பதில்

சென்னையில் விளம்பரப் படம் எடுக்கும் வேலையில் வெகுகாலம் இருந்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். விளம்பரங்களில் பெண்ணைப் பொருளாகக் காட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

ஊட்டி, கல்லூரி மாணவி: எதை வைத்து முடிவு செய்வது, அக்கா?

படத்திலிருந்து அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு அங்கே ஒரு பூந்தொட்டியை வையுங்கள். விளம்பரத்துக்கு ஒன்றும் குறையவில்லை என்றால் சந்தேகப்படலாம். அப்புறம் கேமராவைக் கவனியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு டயர் விளம்பரத்தில் கேமரா கணுக்காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். கழுத்து வந்ததும் கட். அடுத்த ஷாட் டயர். அந்தப் பெண்ணின் முகம் கடைசிவரை வராது. துணி எவ்வளவு என்று அளக்காதீர்கள். நீச்சல் வீராங்கனை நீச்சலுடையில்தான் நீந்துவார், அதில் ஒரு தப்பும் இல்லை.

குன்னூர், ஓய்வு பெற்றவர்: பெண்கள் ஒழுங்காக உடுத்தினால் இந்தப் பேச்சே வராதே?

மாடல் என்ன உடுத்த வேண்டும் என்று மாடல் முடிவு செய்வதில்லை சார். காசு போடும் கம்பெனி முடிவு செய்கிறது.

கூடலூர் வாசகர்: இதற்குச் சட்டம் உண்டா?

உண்டு. பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986-ம் ஆண்டுச் சட்டம், 1987 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கிறது. முதல் தடவை இரண்டு வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஷூட்டிங்கில் ஒரு நாள் டீ, வடைக்கே அந்தக் காசு காணாது. மறுபடி செய்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, 10,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அது பெண்ணின் உருவத்தை, உடலை ஆபாசமாகவோ இழிவாகவோ காட்டுவதைத்தான் பிடிக்கும். 'மாமியாருக்குப் பயந்து பாத்திரம் தேய்க்கும் மருமகள்' அதற்குச் சிக்கமாட்டாள். அந்த மாதிரி விளம்பரங்களுக்காக, விளம்பரத் துறையினரே 1985-ல் தொடங்கிய ஆஸ்கி என்ற தரக் கவுன்சில் 2022 ஜூனில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே மாதம்தான், கூட்டுப் பாலியல் வன்கொடுமையை ஜோக்காக்கிய ஒரு பாடி ஸ்பிரே விளம்பரத்தை நீக்கும்படி ட்விட்டருக்கும் யூடியூபுக்கும் மத்திய அரசு சொன்னது. திட்டுவதாக நினைத்து அதைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்! எதிர்க்கிறோம் என்று படத்தையே சுற்றுக்கு விடாதீர்கள், அவர்களுக்கு அது இலவச விளம்பரம்.

கோத்தகிரி, டீ ஃபேக்டரி உரிமையாளர்: எங்கள் பாக்கெட்டில் கொழுந்து பறிக்கும் பெண் இருக்கிறார். இழுத்துப் போர்த்திய சேலை. இதுவும் தப்பா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் பாக்கெட் என் சமையலறையிலேயே இருக்கிறது. தலை நிறைய மல்லிகை, இரண்டு விரலில் ஒரே ஒரு கொழுந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. என் வீட்டுக்குக் கீழே பறிப்பவர்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, தலையில் துண்டோடு, கத்தரியால் வெட்டிப் பையில் தள்ளுகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை, எடை போடும் நேரம் நெருங்குகிறது. வேலையைத் துடைத்துவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

அவரே மறுபடி: பிளாஸ்டிக் தாளோடு போட்டால் யார் வாங்குவார்கள்? பெருமையாகத்தானே காட்டுகிறோம்?

இதற்குள் ஒரு கோத்தகிரிப் பெண் நுழைந்தார்: "எங்க அம்மா கொழுந்து பறிச்சுத்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. பாக்கெட்ல அழகா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான். அழுக்காக் காட்டினாத்தான் மரியாதையா?"

நியாயமான கோபம், தங்கச்சி. அழுக்காகக் காட்டச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவையே, பெயரோடு, அவர் சம்மதத்தோடு, அவருக்குப் பணமும் கொடுத்துப் போட்டால் நானே பத்து பாக்கெட் வாங்குவேன். சார், உங்கள் பாக்கெட்டில் இருப்பவர் யார்?

"தோட்டத்தில் எடுத்த படம்தான்."

சரி, அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? (இதற்குப் பதில் வரவில்லை.)

ஊட்டி வாசகர்: டூரிஸ்ட்டுகள் தோடர் பெண்களைப் படம் எடுக்கிறார்களே?

மலையில் இது பழைய வியாதி. நீலகிரியின் முதல் கமிஷனர் ப்ரீக்ஸ் எழுதி 1873-ல் வந்த நூலிலேயே பழங்குடிகளின் புகைப்படங்கள் உண்டு. ஆளை ஆளாகப் பார்க்காமல் இனத்தின் சாம்பிளாக நிறுத்தி எடுப்பது அந்தக் காலத்துப் பழக்கம். இன்று செல்போன். கேட்டுவிட்டு எடுங்கள், மாட்டேன் என்றால் நகருங்கள்.

குன்னூர், இல்லத்தரசி: சிவப்பழகு கிரீம்?

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரை மாற்றியது. கறுப்பாக இருப்பவரைச் சோகமாக, அழகற்றவராகக் காட்டக் கூடாது என்று ஆஸ்கி 2014-லேயே சொல்லிவிட்டது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் புகார் கொடுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: குத்துப்பாட்டு பற்றி?

சினிமா என் துறை இல்லை. தணிக்கை தெரிந்தவரைக் கேளுங்கள்.

இன்னொருவர்: ஆனாலும் உடைதானே...

மேலே இரண்டு இடத்தில் இருக்கிறது. படியுங்கள்.

குன்னூர் வாசகி: பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜ் போர்டு, படுமோசம். யாரிடம் சொல்வது?

போர்டு முழுதும் தெரிகிற மாதிரி ஒரு படம், தேதி, இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்கிக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஆபாசமாக இருந்தால் போலீஸில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். போர்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று நகராட்சியிலும் கேளுங்கள், பல போர்டுகள் அந்த ஒரு கேள்விக்கே இறங்கிவிடும்.