இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஜப்பானின் கூலிப்படைதானே, அதில் என்ன பெருமை?

கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது. பள்ளி ஒப்படைப்புக்குக் கேட்கிறீர்களோ, வாட்ஸ்அப்பில் யாரோடாவது மல்லுக்கட்டிவிட்டு வந்து கேட்கிறீர்களோ, என் தாத்தா அந்தப் படையில் இருந்தவர். அதனால் நான் நடுநிலை இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஆதரவோடு பிரிட்டிஷாரை எதிர்த்த அந்தப் படையில் இருந்த எல்லாரும் கட்சி மாறிய பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் வீழ்ந்ததும், 1942 பிப்ரவரி 17 அன்று அங்கே ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களிடமிருந்துதான் தொடங்கியது, சரி. அவர்களில் சேர மறுத்தவர்களும் ஏராளம். நியூகினி வரை கப்பலேற்றப்பட்டுச் செத்தவர்கள் உண்டு, அவர்களைப் பற்றி நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. ஆனால் 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து படையை ஏற்ற பிறகு ஆயிரக்கணக்கில் சேர்ந்தவர்கள் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள்.

தாத்தா மலாயாவில் குளுவாங் பக்கம் பால்மரம் வெட்டியவர். அப்போது வயது 19. அவருடைய அண்ணனை ஜப்பானியர் சயாம் - பர்மா ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அடுத்த லாரி எப்போது வருமோ என்றிருந்த நேரத்தில்தான் படைக்கு ஆள் சேர்க்க வந்தார்கள். தேசபக்தியா, பயமா, சோறா என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாந்தான்டா, சோத்தைப் போயி கடைசியிலே சொல்றியே" என்றார்.

அந்தப் படை சண்டையிட்ட இந்திய எல்லையின் இம்பாலுக்கு அவர் போகவில்லை. மலாயாவைத் தாண்டவே இல்லை, ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. எல்லாரும் போர்முனையில் நின்ற மாதிரி இங்கே மேடையில் பேசுகிறார்களே, அது நம் பக்கத்துக் கட்டுக்கதை. அவர் சொன்னதெல்லாம் மரத்துப்பாக்கியும் அணிநடையும்தான். கட்டளைகள் இந்துஸ்தானியில். 'பாயேன் முட்' என்றால் இடமா வலமா என்று புரியாமல், முன்னால் நிற்கிறவன் குதிகாலைப் பார்த்தே திரும்புவாராம். 1989ல் நான் சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பயிற்சிக்கு) போய், மலாய்க் கட்டளையில் தடுமாறி, இடப்பக்கம் திரும்பச் சொல்லும் 'கெ கிரி புசிங்'குக்கு வலப்பக்கம் திரும்பித் தண்டனை வாங்கிய கதையைச் சொன்னபோது, மனுஷன் காப்பி புரையேறச் சிரித்தார். அப்புறம் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் 65 வயதில் ஒரு 'பாயேன் முட்' போட்டுக் காட்டினார். குதிகால் இரண்டும் டக்கென்று சேர்ந்தன.

ஜப்பான்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலையில் தன் அப்பாவைப் பறிகொடுத்தவர். அவர் காதுபடத் தாத்தா படைக் கதை பேசியதே இல்லை. ஆனால் கூலிப்படை என்கிற சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியாது. சம்பளத்துக்குச் சண்டை போட்டால் கூலிப்படை என்றால், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தை என்னவென்று சொல்வீர்கள்?

சிங்கப்பூர் எஸ்பிளனேடில் போஸ் 1945 ஜூலை 8ல் அடிக்கல் நாட்டிய படையின் நினைவுச்சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைக் கேள்விப்பட்டதும் தாத்தா தன் சீருடையை அடுப்பில் போட்டுவிட்டார். மிஞ்சியது அவருடைய ஒரே ஒரு படம்.

படம் என்றதும் வயிறு எரிகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு இரவல் வாங்கிப் போனார்கள். பெயர், ஊர், வருடம் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அடியில் 'பெயர் தெரியாத வீரர்'. அந்தத் தமிழும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருத்தரிடம் காட்டினால் குறைந்தா போய்விடுவார்கள்? திருப்பிக் கொடுத்தபோது பின்னால் ஒரு எண் ஒட்டியிருந்தது. சுரண்டினால் படம் கிழியும் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.